உடைமையும் உண்மையும்: ‘ஹாவ்’ என்னும் ஆங்கிலச் சொல்லைப் பற்றிய ஓர் ஆராய்ச்சி

ஆங்கிலம் கற்கப் புகும் தமிழ் மாணவன் அகராதியைத் தேடிச் செல்வது பெரும்பாலும் அருஞ்சொற்களின் பொருட்டேயாம். இலத்தீனினின்றும் கிரேக்கத்தினின்றும் வந்த நெடுஞ்சொற்களே கடினமானவை என்பது அவன் எண்ணம். ஆயின், அருஞ்சொல்லுக்குப் பெரும்பாலும் பொருள் ஒன்றே. அதனை ஒருமுறை அறிந்து மனத்திருத்தினால் அது பின்னர் நம்மை ஏமாற்றுவதில்லை. நாள்தோறும் நாவிற் பயிலும் சிறு சொற்களோ ஒவ்வொரு வாக்கியத்திலும் ஒவ்வொரு கோலம் பூண்டு வந்து, பல ஆண்டு பயின்றாரையும் இடறச் செய்கின்றன. பரீட்சைத் தாள்களைத் திருத்தும் ஆசிரியர் எவரைக் கேட்பினும் இதனையே கூறுவர்.

அத்தகைய சிறு சொற்களுள் தலையாயது ‘ஹாவ்’ என்பது. இதன் வேறு வடிவங்கள் ‘ஹாஸ்’, ‘ஹாட்’, ‘ஹாவிங்’ என்பன. இவ்வடிவங்களையெல்லாம் ஒன்றாகக் கூட்டி எண்ணினால், ஆங்கிலத்தில் மிகுதியாக வழங்கும் முதற் பத்துச் சொற்களுள் இதுவும் ஒன்றாகும். இதற்கு ‘உடைத்தாயிரு’ என்றும் ‘வைத்திரு’ என்றும் சிறு அகராதிகள் பொருள் கூறி அமைகின்றன. அப்பொருளை நம்பிச் செல்லும் மாணவன் காய்ச்சலையும் வைத்திருக்கிறான், தம்பியையும் வைத்திருக்கிறான், தேநீரையும் வைத்திருக்கிறான். இம்மயக்கம் எங்கிருந்து பிறக்கின்றது, இதனைத் தீர்ப்பது எவ்வாறு என்பவற்றை நம் மொழியிலக்கணத்தின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஆங்கில வாக்கியங்களின் ஒலி தமிழெழுத்தில் தரப்பட்டுள்ளது. மாணவர் அவற்றை ஆங்கில எழுத்தில் தாமே எழுதிப் பார்ப்பாராக. அதுவும் ஒரு பயிற்சியாம்.

சொல்லின் வேர்

பழைய ஆங்கிலத்தில் இச்சொல் ‘ஹப்பன்’ என வழங்கிற்று. ஜெர்மன் மொழியில் இன்றும் ‘ஹாபன்’ என்பர். இதன் வேர்ப்பொருள் ‘பற்றுதல், கையகப்படுத்தல்’ என்பதாம். இலத்தீன் மொழியில் ‘உடைத்தாயிரு’ என்னும் பொருளில் ‘ஹபேரே’ என்றொரு சொல் உண்டு. ஒலியும் பொருளும் ஒத்திருத்தலின் இவ்விரண்டும் ஒரு வேரினின்றும் பிறந்தன என்றே எவரும் கருதுவர். மொழிநூலார் அவ்வாறு கொள்ளார். இலத்தீனில் ‘க’ ஒலியோடு தொடங்கும் சொற்கள் ஆங்கிலத்தில் ‘ஹ’ ஒலியோடு தொடங்கும் என்பது ஜெர்மானிய அறிஞர் கிறிம் 1822 ஆம் ஆண்டில் விளக்கிய ஒலிமாற்ற விதிகளுள் ஒன்று. கொம்புக்கு இலத்தீனிற் ‘கோர்னு’ எனப் பெயர். ஆங்கிலத்தில் ‘ஹோண்’ எனப் பெயர். அவ்விதிப்படி ‘ஹாவ்’ என்பதற்கு உடன்பிறந்த சொல், ‘பற்று’ எனப் பொருள்படும் ‘காப்பெரே’ என்னும் இலத்தீன் வினையேயாம். ஒலியொப்புமை ஒன்றையே கண்டு உறவு கற்பிக்கும் நம்மவருக்கும் இஃது ஓர் எச்சரிக்கையாகும்.

இவ்வேர்ப்பொருளை மனத்திற் கொண்டால் ஆங்கில வாக்கியத்தின் அமைப்பு விளங்கும். பற்றுபவன் எழுவாய், பற்றப்படும் பொருள் செயப்படுபொருள். ‘ஐ ஹாவ் எ புக்’ என்னும் வாக்கியத்தில் ‘நான்’ முன்னிற்கப் புத்தகம் என் கைப்பட்டுப் பின்னிற்கின்றது.

தமிழின் நெறி

தமிழின் நெறி வேறு. ‘என்னிடம் ஒரு புத்தகம் இருக்கிறது’ என்னும்போது எழுவாயாய் நிற்பது புத்தகம். நானோ அது தங்கியிருக்கும் இடம். ‘எனக்கு இரண்டு தம்பிமார் இருக்கிறார்கள்’ என்னும்போது எழுவாய் தம்பிமார். நான் நான்காம் வேற்றுமையேற்று ஒதுங்கி நிற்கின்றேன். ஆங்கிலம் உடைமையைக் கூறும் இடத்தில் தமிழ் உண்மையைக் கூறுகின்றது. ஈண்டு ‘உண்மை’ என்றது வாய்மையை அன்று, உளதாந்தன்மையை. இலக்கண நூலார் ‘இன்மை’ என்பதற்கு எதிராக வழங்கும் பொருள் அதுவே.

அங்ஙனமாயின் தமிழில் உடைமை கூறும் வினை இல்லையோ எனின், உண்டு. ‘பொருளுடையேன்’, ‘பொருளுடையான்’, ‘பொருளுடையார்’ என வருவன காண்க. ஆயின் இவை காலங்காட்டுந் தெரிநிலை வினைகளல்ல, குறிப்பு வினைகள். ஒருவன் ஒன்றை எப்பொழுது பற்றினான் என்பதை உணர்த்தாது, அவன் இன்ன தன்மையன் என்பதையே உணர்த்துவன. திருக்குறளின் அதிகாரப் பெயர்களை நோக்குக. அன்புடைமை, அடக்கமுடைமை, ஒழுக்கமுடைமை, பொறையுடைமை, அருளுடைமை, அறிவுடைமை, ஊக்கமுடைமை, ஆள்வினையுடைமை, பண்புடைமை, நாணுடைமை எனப் பத்து அதிகாரங்கள் ‘உடைமை’ என்று முடிகின்றன. இவற்றுள் ஒன்றேனும் வீடு, நிலம், பொன் ஆகியவற்றின் உடைமையைக் கூறவில்லை. கையினாற் பற்றும் பொருளினும் உள்ளத்தோடு ஒன்றிய குணத்துக்கே ‘உடைமை’ என்னுஞ் சொல் அங்கே உரியதாயிற்று.

இந்நெறி தமிழுக்கு மாத்திரம் உரியதென்று கருதவேண்டா. நம் நாட்டுச் சிங்கள மொழியும் இவ்வழியே செல்கின்றது. அம்மொழியில் ‘மட்ட’ என்பது ‘எனக்கு’ எனப் பொருள்படும். புத்தகம், பணம் முதலிய உயிரில் பொருளாயின் ‘மட்ட’ என்பதோடு ‘தியெனவா’ என்னும் வினையைச் சேர்ப்பர்; தம்பி, தங்கை முதலிய உயிருள் பொருளாயின் ‘இன்னவா’ என்னும் வினையைச் சேர்ப்பர். ‘எனக்குப் பணம் இருக்கிறது’, ‘எனக்குத் தம்பி இருக்கிறான்’ என்னும் நம் வழக்கோடு இஃது எவ்வளவு ஒத்திருக்கின்றது! இந்தியிலும் கைப்பொருளைக் கூறுங்கால் ‘என் அருகே’ எனப் பொருள்படும் ‘மேரே பாஸ்’ என்பர். உருசிய மொழியும் ஐரிஷ் மொழியும் இத்தகையனவே. ஆகவே ‘ஹாவ்’ போன்ற வினை இல்லாமை ஒரு மொழிக்குக் குறையன்று. உலகத்து மொழிகள் பலவற்றுக்கும் அதுவே இயல்பு.

உடைமைப் பொருள்

‘ஹாவ்’ என்பதன் முதற்பொருள் உடைமை. ஆங்கிலம் இவ்வொரு சொல்லால் அடக்குவதைத் தமிழ் பலவாகப் பகுத்து நோக்கும். ஆறாம் வேற்றுமைக்குப் பொருள் கூறிய நம் இலக்கணகாரர் தற்கிழமை, பிறிதின்கிழமை என இரண்டாக வகுத்தனர். ‘சாத்தனது கை’ என்பதிற் கை சாத்தனின் வேறாகாது, ஆதலின் தற்கிழமை. ‘சாத்தனது வீடு’ என்பதில் வீடு வேறு, சாத்தன் வேறு, ஆதலின் பிறிதின்கிழமை. நான்காம் வேற்றுமையின் பொருள்களுள் ‘முறை’ என்பதனையும் நன்னூலார் எண்ணினார். தந்தை, மகன் என்னும் உறவு அதன்பாற்படும்.

இப்பகுப்பை மனத்திற் கொண்டு பின்வருவனவற்றை நோக்குக. கைப்பொருளாயின் ‘என்னிடம்’ என்கிறோம். உறவாயின் ‘எனக்கு’ என்கிறோம். உறுப்பாயின் ‘யானைக்குத் தும்பிக்கை உண்டு’ என்கிறோம். நோயாயின் வினையையும் விட்டு ‘எனக்குக் காய்ச்சல்’, ‘எனக்குத் தடிமன்’ என்றே முடித்துவிடுகிறோம். இவை அனைத்துக்கும் ஆங்கிலத்தில் ‘ஹாவ்’ ஒன்றே அமையும்.

‘எனக்கு’, ‘என்னிடம்’ என்னும் இரண்டிற்கும் உள்ள வேறுபாடும் சிறிதன்று. ‘அவரிடம் பணம் இருக்கிறது’ எனின் இப்பொழுது அவர் கையிற் பணம் உளது என்பது பொருள். ‘அவருக்குப் பணம் உண்டு’ எனின் அவர் செல்வர் என்பது பொருள். ‘என்னிடம் இரண்டு தம்பிமார் இருக்கிறார்கள்’ எனின் அவர்கள் என் வீட்டில் தங்கியுள்ளனர் என்று கேட்போர் கொள்வர். ஆங்கிலத்தில் ‘ஹி ஹாஸ் மணி’ என்பது இரண்டற்கும் பொது. கையில் இருப்பதையே சிறப்பித்துக் கூற வேண்டுமாயின் ‘வித் ஹிம்’ எனப் பின்னர்ச் சேர்த்தல் வேண்டும்.

இங்கே மாணவர் செய்யும் பிழை இரண்டு. ‘எனக்கு’ என்பதை அப்படியே மொழிபெயர்த்து ‘ரு மீ’ என வாக்கியத்தைத் தொடங்குவது ஒன்று. மற்றையது யாவரும் அறிந்தது: ‘ஐ ஆம் ஹாவிங் ரூ பிறதேர்ஸ்’ என்பது. இதன் காரணம் ஆராயத்தக்கது. நம் நிகழ்கால வினை ‘இருக்கிறார்கள்’ என்பது நிலைத்த தன்மையையும் அப்பொழுது நடைபெறும் செயலையும் ஒருங்கே காட்டவல்லது. ஆங்கிலமோ இவ்விரண்டையும் வேறு பிரிக்கும். தொடர்ந்து நடந்து முடிவுறுஞ் செயலுக்கே ‘இங்’ விகுதி உரியது. தம்பிமார் இருத்தல் ஒரு செயலன்று, நிலை. காலையில் தொடங்கி மாலையில் முடிவதன்று. ஆகவே ‘ஐ ஹாவ் ரூ பிறதேர்ஸ்’ என்பதே முறை. இந்திய, இலங்கை மக்களின் ஆங்கிலத்தில் இப்பிரயோகம் பரவி இருத்தலின், அதனைத் தென்னாசிய ஆங்கிலத்தின் தனி இயல்பெனக் கூறும் மொழிநூலாரும் உளர். அவர் கூற்று எவ்வாறாயினும், பரீட்சைத் தாளிலும் உத்தியோக விண்ணப்பத்திலும் ‘ஐ ஆம் ஹாவிங் எ டிகிறி’ என எழுதுவோன் தன் கல்வியைத் தானே ஐயத்துக்குள்ளாக்குகின்றான்.

செயற்பொருள்

எனினும் ‘ஐ ஆம் ஹாவிங் ரீ’ என்பது பிழையன்று. நான் தேநீர் அருந்திக்கொண்டிருக்கிறேன் என்பது அதன் பொருள். இங்கே ‘ஹாவ்’ உடைமையைக் கைவிட்டுச் செயலைக் குறிக்கின்றது. தேநீர் அருந்துதல், உணவு உண்ணுதல், குளித்தல், இளைப்பாறுதல், ஒருமுறை பார்த்தல், ஒருமுறை முயலுதல் என்பனவற்றையெல்லாம் ‘ஹாவ்’ என்பதனோடு ஒரு பெயரைச் சேர்த்துக் கூறுவது ஆங்கில மரபு. ‘ஹாவ் எ பாத்’, ‘ஹாவ் எ றெஸ்ற்’, ‘ஹாவ் எ லுக்’ என வருவன காண்க. இவற்றிற் பொருளைத் தருவது பெயர். ‘ஹாவ்’ அதனைத் தாங்கும் வினை மாத்திரமே. தமிழில் ‘நீராடு’, ‘விளையாடு’, ‘உரையாடு’ என்பவற்றில் ‘ஆடு’ என்பது கூத்தாடுதலைக் குறியாது பெயரைத் தாங்கி நிற்பது போல்வது இது.

வினா வாக்கியத்தில் இவ்வேறுபாடு ஒரு காலத்தில் மிகத் தெளிவாகப் புலப்பட்டது. பழைய பாடநூல்களிற் பயின்றோர் ‘ஹாவ் யூ எ பென்?’ என்றே கேட்கப் பழகினர். உடைமைக்கு ‘ஹாவ்’ தானே முன்சென்று வினாவாகும். செயலுக்கு ‘டூ’ என்னும் துணைவினை வேண்டும் என்பது அக்காலத்து விதி. ஆதலால் ‘டூ யூ ஹாவ் ரீ?’ எனின் ‘தேநீர் அருந்தும் வழக்கம் உமக்கு உண்டோ?’ என்பதும், ‘ஹாவ் யூ எனி ரீ?’ எனின் ‘உம்மிடம் தேயிலை உண்டோ?’ என்பதும் பொருள்களாயின. அமெரிக்கர் உடைமைக்கும் ‘டூ’ சேர்த்துக் கேட்பர். இன்று பிரித்தானியரும் அவ்வாறே கேட்கின்றனர். பேச்சில் ‘ஹாவ் யூ கொற்?’ என்பதும் பெருவழக்கு. முதிய பழைய மாணவர் கேட்கும் ‘ஹாவ் யூ எ பென்?’ பிழையன்று, பழையது. அதனைக் கேட்டு இளையோர் நகைக்கவும் வேண்டா; அதனையே இளையோர் பின்பற்றவும் வேண்டா.

துணைவினையாதல்

‘ஹாவ்’ பிறிதொரு வினையின் இறந்தகால எச்சத்தோடு சேர்ந்து துணைவினையாதல் மூன்றாவது. ‘ஐ ஹாவ் ஸீன்’ என்பது ‘பார்த்திருக்கிறேன்’ எனப்படும். இவ்வமைப்புப் பிறந்த வரலாறு சுவையானது. ‘எழுதப்பட்ட நிலையிற் கடிதத்தை உடையேன்’ என்பதே பழைய ஆங்கிலத்தில் இதன் கருத்து. நாளடைவில் உடைமைப் பொருள் தேய்ந்து, ‘கடிதம் எழுதியிருக்கிறேன்’ என்னும் பொருள் நிலைபெற்றது. செயப்படுபொருள் குன்றிய ‘வா’, ‘போ’ முதலிய வினைகளுக்கு உடைமை பொருந்தாமையின், அவற்றுக்கு ‘இரு’ எனப் பொருள்படும் வினையையே பழைய ஆங்கிலேயர் துணையாக வழங்கினர். 1611 ஆம் ஆண்டில் வெளிவந்த விவிலிய மொழிபெயர்ப்பிலும் இவ்வழக்கு நிரம்ப உண்டு. பின்னர் ‘ஹாவ்’ எல்லாவற்றையும் தன்வயப்படுத்திற்று.

இங்கே ஓர் அரிய ஒப்புமையைக் காணலாம். உடைமைக்கு ‘ஹாவ்’ எனக் கூறிய ஆங்கிலம் துணைவினையையும் அதனினின்றே ஆக்கிற்று. உடைமைக்கு ‘இருக்கிறது’ எனக் கூறிய தமிழ் துணைவினையையும் அதனினின்றே ஆக்கிற்று. வழி வேறு, வழிநடந்த முறை ஒன்றே.

ஒப்புமை கண்டு மகிழும் மாணவன் வேற்றுமையையும் காணல் வேண்டும். காலையில் எழுந்து முற்றம் நனைந்திருக்கக் கண்டு, ‘இரவு மழை பெய்திருக்கிறது’ என்கிறோம். கண்டறியாததை அடையாளங்கொண்டு உய்த்துணர்ந்து கூறுதற்கு நம் ‘இருக்கிறது’ பயன்படுகின்றது. ஆங்கிலத்தில் ‘இற் ஹாஸ் றெயிண்ட் லாஸ்ற் நைற்’ என்பது பிழை. ‘ஹாஸ்’ என்பது நிகழ்காலத்தோடு தொடர்புடையது. ‘நேற்று’, ‘சென்ற ஆண்டு’, ‘1948 இல்’ என முடிந்துபோன காலத்தைச் சுட்டுஞ் சொற்களோடு அது சேராது. உய்த்துணர்வைக் கூறவேண்டின் ‘மஸ்ற் ஹாவ்’ என்று கூறல் வேண்டும்.

வேறொரு வாக்கியம்: ‘அவன் கண்டிக்குப் போயிருக்கிறான்.’ இதற்குப் பொருள் இரண்டு. அவன் இப்பொழுது இங்கில்லை, கண்டிக்குச் சென்றுள்ளான் என்பது ஒன்று. வாழ்நாளில் ஒரு முறையேனும் கண்டியைக் கண்டவன் என்பது மற்றொன்று. தமிழில் இடம் நோக்கிப் பொருள் கொள்கிறோம். ஆங்கிலம் முன்னையதற்கு ‘ஹாஸ் கோன்’ என்றும் பின்னையதற்கு ‘ஹாஸ் பீன்’ என்றும் வேறு சொல் வைத்துள்ளது. எதிரே நிற்கும் ஒருவன், தான் கண்டியைக் கண்டுள்ளதாகக் கூறக் கருதி ‘ஐ ஹாவ் கோன் ரு கண்டி’ என்பானாயின், அவன் கண்டியிலும் இருக்கிறான், நம் முன்னும் நிற்கிறான் என்று கொள்ள வேண்டிவரும்.

கடப்பாடு

‘ஹாவ்’ என்பதனோடு ‘ரு’ சேர்ந்தால் கடப்பாட்டுப் பொருள் பிறக்கும். ‘எழுதுதற்கு ஒரு கடிதம் உடையேன்’ என்னும் கருத்தினின்றே ‘கடிதம் எழுதவேண்டும்’ என்னும் பொருள் வளர்ந்தது. இதிலும் தமிழ் தன் ‘இரு’ என்னும் வினையைக் கைவிடவில்லை; ‘எழுதவேண்டியிருக்கிறது’ என்கிறோம். யாழ்ப்பாணத்துப் பேச்சில் ‘எழுதக் கிடக்கு’ என்பதும் அதுவே.

‘மஸ்ற்’ என்பதும் ‘ஹாவ் ரு’ என்பதும் உடன்பாட்டில் ஏறக்குறைய ஒன்றே. கூறுவோனின் துணிபினாற் பிறந்த கடப்பாட்டுக்கு ‘மஸ்ற்’ என்பதையும், புறத்தேயிருந்து வந்த கட்டாயத்துக்கு ‘ஹாவ் ரு’ என்பதையும் ஆங்கிலேயர் பெரும்பாலும் வழங்குவர். ‘போகவேண்டும்’, ‘போகவேண்டியிருக்கிறது’ என்னும் இரண்டிற்கும் உள்ள வேறுபாடு அது. எதிர்மறையிலோ இவை முற்றும் பிரிந்துவிடுகின்றன. ‘யூ மஸ்ற் நொற் கோ’ எனின் ‘போகக் கூடாது’ என்னும் விலக்கு. ‘யூ டூ நொற் ஹாவ் ரு கோ’ எனின் ‘போகவேண்டிய அவசியமில்லை, விரும்பினாற் போகலாம்’ என்னும் அனுமதி. நம் ‘போகவேண்டாம்’ என்னுஞ் சொல் இரண்டற்கும் இடந்தருவதால் மாணவன் மயங்குகிறான். ‘இம்மருந்தை உண்ணவேண்டாம்’ என வைத்தியர் கூறியதை மொழிபெயர்ப்போன், அவர் விலக்கினாரோ, அவசியமில்லை என்றாரோ என்பதை முதலில் அறிதல் வேண்டும். அவ்விடத்தில் இலக்கணப் பிழை உயிர்ப்பிழையாகவும் முடியலாம்.

இறந்தகாலத்தில் ‘மஸ்ற்’ என்பதற்கு வடிவமில்லை. ‘ஹாட் ரு’ என்பதே வரும். ‘ஐ ஹாட் ரு கோ’ என்றால் போகவேண்டி நேர்ந்தது. போயும் ஆயிற்று என்பது கருத்து.

ஏவுதற்பொருள்

‘அரசன் கோயில் கட்டினான்’ என்னும் எடுத்துக்காட்டை நம் வகுப்புகளிற் கேளாதார் இலர். கல்லெடுத்தவனும் சுண்ணம் குழைத்தவனும் பிறர். எனினும் ஏவியவன் அரசனாதலின் அவன் ஏவுதற்கருத்தா. தச்சன் இயற்றுதற்கருத்தா. தமிழில் இருவருக்கும் ‘கட்டினான்’ என்னும் வினை ஒன்றே பொருந்தும். அதனாலேயே ‘வீடு கட்டினேன்’, ‘தலைமயிர் வெட்டினேன்’, ‘சட்டை தைத்தேன்’ எனத் தடையின்றிக் கூறுகிறோம்.

ஆங்கிலத்தில் ‘ஐ கற் மை ஹெயர்’ எனின், கண்ணாடிமுன் நின்று தன் கையாலே கத்தரிக்கோல் கொண்டு வெட்டினான் என்றே கேட்போர் கொள்வர். பிறரைக்கொண்டு வெட்டுவித்தமையைக் கூற ‘ஐ ஹாட் மை ஹெயர் கற்’ என்றல் வேண்டும். இங்கே சொற்கிடக்கை முறை உயிர்நாடியானது. ‘ஹாட் மை ஹெயர் கற்’ எனின் வெட்டுவித்தேன். ‘ஹாட் கற் மை ஹெயர்’ எனின் அதற்கு முன்னரே நானே வெட்டியிருந்தேன். சொற்கள் அவையே, இடம் மாறப் பொருளும் மாறிற்று. தமிழில் வேற்றுமையுருபு நின்று காக்கும் பணியை ஆங்கிலத்திற் சொல்லின் இடம் செய்கின்றது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

இவ்வமைப்பே தீங்குறுதலையும் குறிக்கும். ‘ஹி ஹாட் ஹிஸ் பேர்ஸ் ஸ்ரோலன்’ எனின், அவன் தன் பணப்பையைத் திருடுவித்தான் என்பதன்று. அவனுடைய பணப்பை களவுபோயிற்று என்பதே. எங்கே ஏவல், எங்கே இழப்பு என்பதைக் கருத்து நோக்கியே அறிதல் வேண்டும்.

‘ஹாட் பெற்றர்’

‘யூ ஹாட் பெற்றர் கோ’ என்பதில் ‘ஹாட்’ இறந்தகால வடிவம். பொருளோ இனிச் செய்யவேண்டியது. ‘நீ போவது நல்லது’ என அகராதிகள் பொருள் கூறும். அப்பொருளை மாத்திரம் அறிந்தவன் இதனைப் பணிவான மொழியென்று கருதக்கூடும். உண்மையில், ‘போகாவிடின் தீங்கு நேரும்’ என்னும் எச்சரிக்கை இதனுள் அடங்கியுள்ளது. தந்தை மகனுக்கும் நண்பன் நண்பனுக்கும் கூறலாம். அதிபருக்கு எழுதும் கடிதத்தில், ‘தாங்கள் எனது நற்சாட்சிப் பத்திரத்தை அனுப்புவது நல்லது’ என்னும் கருத்தில் இதனை எழுதினால் அது வேண்டுகோளாகாது; மிரட்டலாகும்.

ஒலி

எழுத்திற் கண்ட ‘ஹாவ்’ பேச்சில் அவ்வாறே ஒலிப்பதில்லை. துணைவினையாய் வருங்கால் அது தேய்ந்து ‘அவ்’ எனவும், வெறும் ‘வ்’ எனவும் நிற்கும். ‘குட் ஹாவ்’ என்பது ‘குடவ்’ என்றே காதில் விழும். அதனால் ஆங்கிலேயச் சிறுவர் பலர் ‘ஹாவ்’ என எழுதவேண்டிய இடத்தில் ‘ஒவ்’ என்னும் இடைச்சொல்லை எழுதிப் பிழைபடுகின்றனர். தாய்மொழியாகக் கற்போர் காதினால் ஏமாறுகின்றனர்; நாம் கண்ணினால் ஏமாறுகின்றோம். ஆங்கிலத்தைப் படித்து விளங்கும் நம் மாணவர் அதனைக் கேட்டு விளங்க இடர்ப்படுவதற்குக் காரணங்களுள் இஃதும் ஒன்று.

தமிழுக்கு வருங் கேடு

இதுகாறும் தமிழ் நெறி ஆங்கிலத்துட் புகுந்து விளைக்கும் பிழைகளைக் கூறினோம். ஆங்கில நெறி தமிழுட் புகுந்து விளைக்கும் கேடு அதனினும் பெரிது. ஆங்கிலத்திற் பிழைபட்டால் ஆசிரியர் திருத்துவார். தமிழிற் பிழைபட்டால் அதுவே நடையென மதிக்கப்படுகின்றது.

‘அவர் மூன்று பிள்ளைகளைக் கொண்டிருக்கிறார்’, ‘இவ்வீடு நான்கு அறைகளைக் கொண்டுள்ளது’, ‘நான் ஒரு சந்தேகத்தைக் கொண்டிருக்கிறேன்’ என்பன போன்ற வாக்கியங்களை இன்று பத்திரிகைகளிலும் சுற்றறிக்கைகளிலும் காண்கிறோம். ‘அவருக்கு மூன்று பிள்ளைகள்’, ‘இவ்வீட்டில் நான்கு அறைகள் உண்டு’, ‘எனக்கு ஒரு சந்தேகம்’ எனச் சொல்லெண்ணிக்கையும் குறைந்து பொருளும் தெளிந்து நிற்கும் தமிழ் இருக்க, இச்சுமை எதற்கு? ‘கொண்டிரு’ என்பது ‘ஹாவ்’ என்பதன் நிழல். 1987 ஆம் ஆண்டின் 13 ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தால் தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழியாயிற்று. சட்டமும் அறிவித்தலும் பாடநூலும் நாள்தோறும் மொழிபெயர்க்கப்படுகின்றன. அவற்றை மொழிபெயர்ப்போர் நம் கல்லூரிகளிற் பயின்றவரே. ஒரு முதியவர் தமக்கு வந்த அறிவித்தலைத் தமிழிற் படித்தும் விளங்காது பிறரை நாடுவாராயின், அவருக்குக் கிடைத்த மொழியுரிமை தாளளவிலேயே நின்றுவிடும்.

ஆகவே ஆங்கிலத்தைச் செவ்வனே கற்பதற்கும் தமிழைச் செவ்வனே காப்பதற்கும் வழி ஒன்றே: இரண்டன் நெறியையும் வேறு வேறாக உணர்தல். தமிழிலக்கணம் கற்றவன் ஆங்கிலத்துக்குத் தகுதியற்றவன் என்றும், ஆங்கிலம் கற்றவனுக்குத் தமிழிலக்கணம் வேண்டா என்றும் கருதுவோர் இருசாராரும் தவறுகின்றனர். தற்கிழமை, பிறிதின்கிழமை, முறை, ஏவுதற்கருத்தா என நாம் மனனஞ் செய்தவை ‘ஹாவ்’ என்னும் ஓர் ஆங்கிலச் சொல்லை விளக்குதற்கு எத்துணைப் பயன்பட்டன என்பதை மேலே கண்டோம்.

பயிற்சி

மாணவர் பின்வருவனவற்றை ஆங்கிலத்தில் எழுதிப் பார்ப்பாராக. எங்கே உடைமை, எங்கே செயல், எங்கே துணைவினை, எங்கே கடப்பாடு, எங்கே ஏவல் என்பதை முதலில் துணிந்து, அதன்பின்னரே எழுதுக.

1. எனக்கு இரண்டு தமக்கைமார். அவர்களுள் ஒருவர் இப்பொழுது என்னிடம் இருக்கிறார்.
2. அவர் திருகோணமலைக்குப் போயிருக்கிறார்; நாளை திரும்புவார்.
3. நான் ஒருமுறையேனும் திருகோணமலைக்குப் போனதில்லை.
4. நேற்று இங்கே யாரோ வந்திருக்கிறார்கள்.
5. தீபாவளிக்குப் புதுச்சட்டை தைத்தேன். தையற்காரர் அளவைத் தவறவிட்டுவிட்டார்.
6. நாளை நீ பாடசாலைக்கு வரவேண்டாம், விடுமுறை.

இவற்றுள் நான்காவதிலும் ஐந்தாவதிலும் தமிழ்ச்சொல்லை நோக்கி எழுதுவோன் பிழைபடுவான். கருத்தை நோக்கி எழுதுவோன் பிழையான். ‘ஹாவ்’ என்னும் ஒரு சொல்லிற் கற்ற இம்முறையை ‘கெற்’, ‘மேக்’, ‘ரேக்’ முதலிய ஏனைச் சிறு சொற்களிலும் மாணவர் தாமே செலுத்தி ஆராய்ந்து, இருமொழியறிவும் கைவரப் பெறுவாராக.